கலகலாக் கட்டம்

ஜூன் 3, திங்கள்

புதிய வகுப்பு இன்று தொடங்கியது. பாளையங்கோட்டையில் நகல் எடுக்கும் கடை ஒன்றின் மாடி அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை மெல்ல அதிரும். பலகையில் நான் போடும் கோடு அந்த நேரம் பார்த்து நெளியும். ஒரு மகளிர் கூட்டமைப்பு நடத்தும் இலவச வகுப்பு இது. கணினியைத் தொட்டே பார்த்திராத பெண்கள் ஆறு வாரத்தில் தங்கள் முதல் நிரலை எழுத வேண்டும். கணினி அறிவியல் படித்துவிட்டு இதற்கா வந்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. இதற்குத்தான் வந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சிரித்து வைப்பேன்.

முதல் சில வாரங்களுக்குக் கணினியைப் போடுவதே இல்லை. தாளும் பென்சிலும்தான். செய்ய நினைப்பதை ஒவ்வொரு அடியாகத் தாளில் இறக்கி வைக்கப் பழகாதவருக்கு எந்த நிரல்மொழியும் கைகொடுக்காது. அதற்குத்தான் பாய்வுப்படம். பலகையில் வரைந்தேன். நீள்வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. செவ்வகம் என்றால் ஒரு வேலை. சாய்சதுரம் என்றால் கேள்வி. கேள்வியிலிருந்து இரண்டு அம்புகள் புறப்படும். ஒன்றின் மேல் ‘ஆம்’, மற்றதன் மேல் ‘இல்லை’.

“மிஸ், உங்க பேரு என்ன?” என்று முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள், ரஹ்மத். என் வயதுதான் இருக்கும்.

“வடிவாம்பிகை. வடிவுன்னு கூப்பிடுவாங்க.”

“ஆத்தீ! வட்டம் சதுரம் வரையுததுக்குன்னே பாத்துப் பேரு வச்சிருக்காவளே!”

அறை முழுவதும் சிரித்தது. ஜெசிந்தா அக்கா மட்டும் சிரிக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்; நாற்பதை நெருங்குகிறார். “இதுக்கு என்ன பேரு சொன்னீங்க, சாய்சதுரமா? கிறிஸ்மசுக்கு நாங்க மைதாவைத் தேச்சு வெட்டிப் பொரிப்போம்லா, கலகலா, அதுல்லா இது?” என்றார்.

அப்புறம் யாரும் சாய்சதுரம் என்று சொல்லவில்லை. கலகலாக் கட்டம்தான்.

நேற்று வீட்டுக்கு ஆட்கள் வந்து போனதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்த்த பிறகும் வாயில் சீனி நறநறவென்று இருப்பது போலவே இருக்கிறது.

ஜூன் 5, புதன்

இந்தக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால் நடக்காதது ஆகிவிடாது. எனவே சுருக்கமாக.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தென்காசிக் குடும்பம். பையன் பெயர் பால்வண்ணன். ஷார்ஜாவில் ஒரு கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. சத்தம் போட்டுப் பேசவில்லை, என் சம்பளத்தைக் கேட்கவில்லை, பஜ்ஜியில் எண்ணெய் அதிகம் என்று சொல்லவில்லை. நல்லவர். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சொர்ணம் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கொண்டு வந்த வரன்.

அவர்கள் போன பிறகு அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். அத்தை அடுக்களைக்கு ஓடிப்போய்க் கை நிறையச் சீனி அள்ளி வந்து என் வாயில் திணித்தாள். ஆனி முடிவதற்குள், ஜூலை 12 அன்று நிச்சயம். ஆவணியில் கல்யாணம். பிறகு ஷார்ஜா.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

கறுப்பு மார்க்கர் காய்ந்துவிட்டது. இன்று எல்லாப் படமும் பச்சையில்.

ஜூன் 10, திங்கள்

காலையில் வீட்டிலிருந்து வகுப்புக்கு வருவதைப் பாய்வுப்படமாக வரையச் சொன்னேன். டீ போடுவதை வரையச் சொல்வதில்லை. எல்லோரும் ஒன்றைப் போலவே வரைந்து, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி ஏலக்காய் சேர்ப்பார்கள்.

ரஹ்மத்தின் படத்தில் ஒரு கலகலாக் கட்டம்: பஸ்ஸில் இடம் இருக்கிறதா? ஆம் என்றால் ஏறு. இல்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நில். அங்கிருந்து அம்பு மேலே வளைந்து மறுபடியும் அதே கேள்விக்கு.

“அடுத்த பஸ்ஸிலயும் இடம் இல்லன்னா?” என்று கேட்டேன்.

“அதுக்கு அடுத்தது.”

“அதுலயும் இல்லன்னா?”

“நிக்க வேண்டியதுதான் மிஸ். போன வாரம் அப்படித்தான நின்னேன். நீங்ககூட ஏன் லேட்டுன்னு ஏசுனீங்களே.”

“அப்ப சாயங்காலம் வரைக்கும் நிப்பியாக்கும்” என்றார் ஜெசிந்தா அக்கா. “ஷேர் ஆட்டோன்னு ஒண்ணு ஓடுதே, அது கண்ணுக்குத் தெரியாதோ உனக்கு?”

முடிவில்லாத சுழற்சி என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் புத்தகத்தில் கிடைக்காது. சுழற்சியில் தப்பில்லை, வெளியே போக ஒரு வழி வரைந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். வரையாவிட்டால் கணினிக்குச் சலிக்காது, கோபம் வராது; நின்றுகொண்டே இருக்கும்.

நாவல்களில் இப்படிப் பலரைச் சந்தித்திருக்கிறேன். கதவு பூட்டப்படவில்லை என்பது வாசகருக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மட்டும் தள்ளிப் பார்க்க மாட்டார். பதினெட்டு வயதில் அவர்கள்மேல் எனக்கு எரிச்சலாக வரும். பக்கத்தை வேகமாகத் திருப்புவேன்.

ஜூன் 14, வெள்ளி

பால்வண்ணன் தொலைபேசியில் பேசினார். அத்தை இங்கேதான் இருந்தாள். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற பாவனையில் குழாயைத் திறக்காமலே நின்றாள்.

அவர் மரியாதையாகப் பேசினார். “வேலையை விடுறதுல உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

“இல்ல” என்றேன்.

“அங்க வெயில் கொஞ்சம் ஜாஸ்தி. பயம் இல்லையே?”

“இல்ல.”

“வீட்ல எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க.”

“உங்களுக்கு?” என்று கேட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். “எனக்கென்ன? ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வருத்தம் இல்லையே, பயம் இல்லையே. ‘இல்லையே’ என்று முடிகிற கேள்வி தன் பதிலைத் தன்னோடு கூட்டிக்கொண்டே வருகிறது. நாம் வாசலைத் திறந்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. பாதி வாசித்திருந்த நாவலை முடித்தேன். கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். அவளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்ததுதான்.

ஜூன் 19, புதன்

இன்றைய வகுப்பை முழுவதும் எழுதி வைக்கிறேன்.

ஜெசிந்தா அக்கா தன் மாவுத் தொழிலைப் பாய்வுப்படமாக வரைந்து வந்திருந்தார். உளுந்தை ஊறவை, அரிசியை ஊறவை, எல்லாம் அழகாகப் பெட்டி பெட்டியாக. நடுவில் ஒரு கலகலாக் கட்டம். உள்ளே ‘கரண்ட் இல்லையா?’ ஆம் என்ற அம்பு ‘காத்திரு’ என்ற பெட்டிக்குப் போனது. இல்லை என்ற அம்பு ‘கிரைண்டரைப் போடு’ என்ற பெட்டிக்குப் போனது.

பலகையில் அதை வரைந்துவிட்டு, ரஹ்மத்தைக் கணினியாக இருக்கச் சொன்னேன். படத்தில் உள்ளபடி மட்டும் நடக்க வேண்டும், சொந்த யோசனை கூடாது. ஒருவர் கணினியாக நடித்துப் படத்தைச் சோதிப்பது எங்கள் வழக்கம்.

“ஏக்கா, கரண்ட் இல்லையா?” என்று ரஹ்மத் கேட்டாள்.

“இல்ல” என்றார் ஜெசிந்தா அக்கா.

ரஹ்மத் ‘இல்லை’ அம்பைப் பிடித்துக்கொண்டு போனாள். “அப்ப கிரைண்டரைப் போடுதேன்.”

“ஏட்டி, கரண்டே இல்லங்கேன், என்னத்தப் போடுவ?”

“நீங்கதான இல்லன்னீங்க!”

“ஆமா, கரண்ட் இல்லன்னு சொன்னேன்!”

“அதுக்கு ஆமான்னுல்லா சொல்லணும்? இல்லையான்னு கேட்டா, இல்லாட்டி ஆமான்னு சொல்லணும். இருந்தா இல்லன்னு சொல்லணும்.”

“இருந்தா இல்லன்னு எவளாவது சொல்லுவாளாட்டி?”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “கரண்ட் இல்லையான்னு எதுத்த வீட்ல கேட்டா, நான் ஆமான்னாலும் கரண்ட் இல்ல, இல்லன்னாலும் கரண்ட் இல்ல” என்றாள். இன்னொருத்தி, “எங்க மாமியாகிட்ட இல்லன்னு சொன்னா, இருக்குன்னு நெனச்சு மிக்சியத் திருகுவாவ” என்றாள். அறை இரண்டாகப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பிரிவும் இரண்டாகப் பிரிந்தது. சத்தம் தாங்காமல் கீழே நகல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படியேறி வந்து பார்த்தார். அவரிடமும் கேட்டார்கள்: “அண்ணாச்சி, கரண்ட் இல்லையா?”

“மிஷினு இப்பதான ஓடிச்சு! எதுக்குக் கேக்கிய?” என்று பதறிப்போய் விளக்கைப் பார்த்தார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: கலகலாக் கட்டத்துக்குள் ‘இல்லை’ வரக் கூடாது. ‘கரண்ட் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இல்லை என்ற சொல் அம்பின் மேல் மட்டும் இருக்கட்டும். கட்டத்துக்குள் ஒன்று, அம்பின்மேல் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருந்தால் எது எதைக் குறிக்கிறது என்று சொல்கிறவருக்கே தெரியாது. கேட்கிறவர் தனக்குப் பிடித்த அம்பில் போய்விடுவார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் நின்றுவிட்டது. “தண்ணி குடிங்க மிஸ்” என்று ரஹ்மத் பாட்டிலை நீட்டினாள்.

ஜூன் 20, வியாழன்

தலைவலி என்று விடுப்பு சொன்னேன். தலை வலிக்கவில்லை.

அப்பா அன்று கேட்டது இது: “என்னம்மா, உனக்கு இதுல இஷ்டம் இல்லையா?”

நான் சொன்னது: “இல்லப்பா.”

அத்தை கை தட்டினாள். “பாத்தியா, நான் சொன்னேம்லா!” என்று அடுக்களைக்கு ஓடினாள். அவள் எதற்கு ஓடுகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் வாய் நிறையச் சீனி. சீனியோடு பேச முடியாது. அது கரைந்து முடிவதற்குள் அப்பா தென்காசிக்குத் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டார்.

கரைந்த பிறகு பேசியிருக்கலாம். அதுதான் இத்தனை நாளாக இங்கே எழுதாமல் விட்டது. நான் பேசாததற்குக் காரணம், காரணம் கேட்பார்களே என்பதுதான். என்னிடம் காரணம் எதுவும் இல்லை. வேறு யாரும் என் மனதில் இல்லை. அவரிடம் குறை இல்லை. எனக்கு இப்போது வேண்டாம், அவ்வளவுதான். இந்த மாடி அறையும் பச்சை மார்க்கரும் இவர்களின் சண்டையும் வேண்டும். இதையெல்லாம் ஒரு காரணம் என்று நடுவீட்டில் எடுத்து வைத்தால், அத்தை அதைச் சுண்டு விரலால் தள்ளிவிடுவாள்.

ஆனால் நேற்று வரைந்த கட்டம் காரணம் கேட்பதில்லை. ஆமா, இல்லையா, அதை மட்டும்தான் கேட்கிறது. ஏன் என்பதற்கு அதில் இடமே கிடையாது. இத்தனை காலமாக அதைப் பாய்வுப்படத்தின் குறை என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

எங்கள் வகுப்பின் பொறுப்பாளர் சாமுவேல் சார் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். “கல்யாணமாமே, வாழ்த்துகள். அப்ப அடுத்த பேட்ச் நீங்க எடுக்க மாட்டீங்க, இல்லையா?”

ஒரு கேள்வியில் இரண்டு எதிர்மறை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. “சொல்றேன் சார்” என்றேன்.

வேறு ஆள் பார்க்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

ஜூன் 27, வியாழன்

ஜெசிந்தா அக்காவின் நிரல் ஓடியது! இன்று முதல்முறையாக ஒருவரின் பாய்வுப்படம் திரைக்கு வந்து தானே கேள்வி கேட்டது. ‘மாவு இருக்கிறதா?’ என்று எழுத்து வந்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘இல்ல’ என்று தட்டினார்.

திரையில் வந்தது: ‘புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்.’

“ஏங்க, இல்லன்னுதான சொல்லுதேன்!” என்று திரையிடமே சண்டைக்குப் போனார். ‘இல்லை’ என்று முழுதாகத் தட்ட வேண்டும் என்று காட்டினேன். தட்டினார். ‘உளுந்தை ஊறவைக்கவும்’ என்று வந்தது.

“புரியலன்னா புரியலன்னு சொல்லுதே” என்றாள் ரஹ்மத். “எங்க வீட்ல ஒருத்தரு இருக்காரு. பாதி கேப்பாரு, தலைய ஆட்டுவாரு, கடைக்குப் போயி புளிக்குப் பதிலா புண்ணாக்கோட வருவாரு. அதுக்கு இது எவ்வளவோ மேலு.”

வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டேன். கணினிக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டது. ஜெசிந்தா அக்கா கோபப்பட்டார், ஆனாலும் மறுபடி சொன்னார். இரண்டு பேருக்கும் அதில் எந்த அவமானமும் இல்லை.

ஜூன் 29, சனி

நாளை காலை நிச்சயப் பட்டு எடுக்கப் போகிறோம். ஆட்டோ சொல்லியாயிற்று.

ஜூன் 30, ஞாயிறு

மதியம் எழுதுகிறேன்.

காலையில் எல்லோரும் புறப்பட்டாயிற்று. அத்தை பட்டுச்சேலையும் பிச்சிப்பூவுமாக விடிந்ததுமே வந்துவிட்டாள். அம்மா பையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் தலை வாரிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னம்மா, முகமே சரியில்ல. உனக்குச் சந்தோஷம் இல்லையா?”

‘இல்லப்பா’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“எப்பா, இந்தக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாது. வேற மாதிரி கேளுங்க.”

“இதென்னட்டி கூத்து!” என்றாள் அத்தை. “கேள்வியில என்ன, இந்த மாதிரி, வேற மாதிரி? பரீட்சையா எழுதுத?”

“இல்லன்னு சொன்னா ரெண்டு அர்த்தம் வருது அத்த. அன்னைக்கும் அப்படித்தான் ஆயிட்டு.”

“என்னைக்கு?” என்றார் அப்பா.

“அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கு. இஷ்டம் இல்லையான்னு கேட்டீங்க. நான் இல்லன்னேன்.”

“ஆமா, சொன்ன.”

“இஷ்டம் இல்லன்னு சொன்னேம்ப்பா.”

வெளியே ஆட்டோக்காரர் ஒருமுறை ஹார்ன் அடித்தார். அம்மா தேடி எடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அத்தைதான் முதலில் சுதாரித்தாள். “அதெப்படிட்டி? இஷ்டம் இல்லையான்னு கேக்கான். நீ இல்லன்னு சொல்லுத. அப்படின்னா இஷ்டம் இல்லாம இல்லன்னுதான அர்த்தம்? இருக்குன்னுதான அர்த்தம்? ஏல தம்பி, நீ சொல்லு!”

அப்பா சொல்வதற்கு முன் அம்மா தலை நிமிர்ந்தாள். “மதினி, இன்னைக்கு வந்ததும் நீங்க காப்பி குடிக்கலையான்னு கேட்டேன். இல்லன்னீங்க. நான் என்ன செஞ்சேன்?”

“போட்டுத் தந்த.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“குடிச்சேன். அதுக்கு? அது காப்பி! இது கல்யாணம்!”

“சொன்ன வாயி ஒண்ணுதான மதினி.”

அம்மா அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் இதுவரை கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை போலிருந்தது. பூவைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டுகிறவர். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். பிறகு எங்களிடம் இல்லாமல் கண்ணாடியிடம் பேசுவது போல் சொன்னார்.

“கவுண்டர்ல வந்து கேப்பான், தென்காசி வண்டி இன்னும் போகலையான்னு. நான் இல்லங்கேன். பாதிப் பேரு பெட்டியைக் கீழ வச்சிட்டு உக்காருவான். மத்தவன் ஐயையோ வண்டி போயிட்டுதேன்னு வெளிய ஓடுவான். வண்டி அங்ஙனதான் நிக்கும். இவன் ஏன் ஓடுதான், காது மந்தம் போலன்னு நெனச்சுக்கிடுவேன். இத்தனை வருசமும் அப்படித்தான் நெனச்சேன்.”

“ஏல, அதுக்கும் இதுக்கும் என்னல சம்பந்தம்?”

“யக்கா, செத்த சும்மா இரு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “வடிவு, உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா?”

“வேண்டாம்ப்பா.”

எவ்வளவு சின்னச் சொல். ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. நான்கு வாரமாக இது தமிழில் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

“காரணம்?” என்றாள் அத்தை. “காரணத்தைச் சொல்லுட்டி! எவனும் இருக்கானா?”

“எவனும் கெடையாது அத்த.”

“அப்ப பின்ன என்னத்துக்கு?”

நான் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். அப்பா எழுந்துவிட்டார். “அவ ஒரு காரணம் சொன்னா நீ அதுக்கு ரெண்டு பதில் வச்சிருப்ப. நான் கேட்டது வேணுமா வேண்டாமான்னு. அவ சொல்லிட்டா” என்றார். வாசலுக்குப் போய் ஆட்டோக்காரரிடம் ஏதோ பேசினார். ஆட்டோ புறப்படும் சத்தம் கேட்டது. அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏல, என்னையாவது ஏத்தி விடலாம்லா!” என்று அதன் பின்னால் தெருவரைக்கும் போனாள்.

அம்மா காலை இட்லியைச் சூடாக்கித் தட்டில் வைத்தாள். நான் சாப்பிடச் சாப்பிட இன்னும் வைத்தாள். இவ்வளவு பசி எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

வேலைக்குப் போகும் முன் அப்பா தென்காசிக்குப் பேசினார். நின்றுகொண்டே பேசினார். “தப்பு எங்க பக்கம்தான் அண்ணாச்சி. பொண்ணுகிட்ட நான் சரியாக் கேக்கல” என்றார். நான் மறுத்துவிட்டேன் என்று சொல்லவே இல்லை. அவர்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும். தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடித்ததும் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அதே சட்டையோடு வேலைக்குப் போனார்.

ஜூலை 2, செவ்வாய்

பால்வண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “ரொம்ப நன்றிங்க. நல்லா இருங்க.” அவ்வளவுதான்.

நன்றி எதற்கு என்று நான் கேட்கவில்லை. “நீங்களும்” என்று பதில் போட்டேன். அன்று நான் ‘உங்களுக்கு?’ என்று கேட்டபோது லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேனே, அது ஏனோ நினைவுக்கு வந்தது. அவரிடம் வீட்டில் என்ன மாதிரி கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

வகுப்பில் விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. ரஹ்மத், “மிஸ், ஷார்ஜாவுக்குப் போகலையா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, “இல்ல இல்ல, நில்லுங்க. ஷார்ஜாவுக்குப் போறீங்களா?” என்றாள்.

“இல்லை” என்று எழுத்துத் தமிழில் முழுதாகச் சொன்னேன்.

“உளுந்தை ஊறவைக்கவும்” என்றார் ஜெசிந்தா அக்கா.

ஜூலை 6, சனி

அத்தை வந்தாள். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்தது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள். “ஏட்டி, உன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சுட்டியாக்கும்?”

“வேற மாதிரி கேளுங்க அத்த.”

முறைத்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். “தென்காசிக்காரி என்ன ஏச்சு ஏசுனா தெரியுமா? உனக்கு என்ன, நீ படம் வரைஞ்சுக்கிட்டு இருப்ப.” பிறகு அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். “மைதிலி, காப்பி இருக்கா?”

“இருக்கு மதினி.”

“குடிப்பேன். தெளிவாச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்லல கில்லலன்னு ரெண்டு பேரும் சேந்து என்னைய மடக்கக் கூடாது.”

ஜூலை 12, வெள்ளி

வகுப்பின் கடைசி நாள். இன்று நிச்சயதார்த்தம் நடந்திருக்க வேண்டிய நாளும்கூட. காலண்டரில் அம்மா பென்சிலால் போட்டிருந்த வட்டத்தை யாரோ அழித்திருக்கிறார்கள். முழுதாக அழியவில்லை; நீள்வட்டமாக மங்கித் தெரிகிறது.

எல்லோருடைய நிரல்களும் ஓடின. ரஹ்மத்தின் பஸ் நிரலில் இப்போது ஷேர் ஆட்டோவுக்கு ஒரு வழி இருக்கிறது. ஜெசிந்தா அக்கா ஒரு டப்பா நிறையக் கலகலா செய்து கொண்டுவந்திருந்தார். ‘ஜூலையில கிறிஸ்மசா’ என்று வீட்டில் கேலி செய்தார்களாம். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு சாமுவேல் சாரைத் தேடிப் போனேன். மென்று விழுங்கிய பிறகே அவர் அறைக்குள் நுழைந்தேன்.

“அடுத்த பேட்ச் நான் எடுக்கேன் சார்.”

“அப்ப நீங்க போகல, இல்லையா…” என்று தொடங்கியவரை, “எடுக்கேன் சார்” என்று மறுபடி சொல்லி நிறுத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா சீக்கிரமே வந்திருந்தார். நான் கை கால் கழுவிவிட்டு ஒரு புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா, இன்னும் சாப்பிடலை…”

நிறுத்தினார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். சொல்லைப் பிரித்து அடுக்குகிறார்.

“சாப்பிட்டியா?”

“இல்லப்பா.”

“அப்ப வா” என்றார். இரண்டு தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.